காலிக் கொக்கி

பிப்ரவரி 4, ஞாயிறு

புஷ்பாவின் இடது காதுக் கம்மல் வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை. வீட்டைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியாகிவிட்டது. வீடு என்றால் தங்கவயலில் சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கையகல முற்றம். கவிழ்க்க அதிக நேரம் ஆகாது. பின்னால் துணி துவைக்கும்போதுதான் விழுந்திருக்கும் என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "போறவன் வர்றவன் இடுப்பெல்லாம் தெனம் தடவிப் பாக்கறியே, அந்தக் கோலை ஒரு நாளு வூட்டுக்கு எடுத்தாந்தா இன்னா?"

நியாயமான கேள்விதான். பெங்களூரில் ஒரு மாலில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வாசலில் ஆட்களைத் தடவிப் பார்க்கும் மெட்டல் டிடெக்டர் எல்லாம் என் பொறுப்பு. நேற்று ஒன்றை டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக் காலை ரயிலில் அது வேலைக்குத் திரும்பிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

காலையில் முற்றம் முழுக்கத் தடவினேன். பெயர்தான் தங்கவயல். இந்த மண்ணில் தங்கம் தவிர எல்லாம் இருக்கிறது. சோடா மூடி, ஆணி, ஹேர்பின், பாதி ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் கோல் ஒரு கத்து கத்தி அடங்கியது. துவைக்கிற கல்லின் ஓரத்தில் மட்டும் கத்த ஆரம்பித்தது நிற்கவே இல்லை. கடப்பாரையை எடுத்தேன். அம்மா உள்ளே இருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"அந்தக் கல்லை அசைக்காதடா. அடியில பூரான் கீது."

பூரானுக்கு அம்மா எப்போதிலிருந்து பயப்படுகிறாள் என்று தெரியவில்லை. வெறுங்காலால் மிதித்துக் கொல்கிறவள். சாயங்காலம் அவள் கோவிலுக்குப் போனதும் நானும் புஷ்பாவும் கல்லை நெம்பினோம். பூரான் இல்லை. கம்மலும் இல்லை. பச்சைக் களிம்பு ஏறிய வட்டமான ஏதோ ஒன்று இருந்தது. பழைய நாணயம் போலிருக்கிறது. ஓரத்தில் ஒரு ஓட்டை.

புஷ்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கம்மல் கேட்டா ஓட்டைக் காசு குடுக்கறியே," என்றாள்.

பிப்ரவரி 5, திங்கள்

ரயிலைத் தவறவிட்டேன். காரணம் அம்மா. இட்லி பாதியில் இருக்கும்போது மாரிக்குப்பம் ஸ்டேஷனில் வண்டி ஊதியது. எழுந்தேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். துன்னுட்டுத்தான் போகணும். எனக்கு விவரம் தெரிந்த நாளாக இதே கூத்துதான். ரயில் ஊதினாலும் பிடிப்பாள், குக்கர் விசில் அடித்தாலும் பிடிப்பாள். புஷ்பா கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. எழுபது வயதுக் கைக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறதோ.

டிடெக்டர் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 7, புதன்

சிக்பேட்டையில் பழைய நாணயம் வாங்கும் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ராஜா தலை இல்லை, எழுத்து இல்லை, இது நாணயமே இல்லை என்று கன்னடத்தில் தீர்ப்புச் சொன்னார். பித்தளை வில்லையாம். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டினால் முனிசிபாலிட்டி கொடுப்பதாம்.

மாலுக்கு வந்து பசவராஜுவிடம் காட்டினேன். என்னோடு வாசலில் நிற்பவன். அவன் உறுதியாக நாய் லைசென்ஸ் என்கிறான். அவன் மாமா வீட்டு நாய் கழுத்தில் இதே மாதிரி தொங்கியதாம். ஓட்டை எதற்கு, கயிறு கோக்கத்தானே என்று கேட்டான்.

எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்ததில்லை. நாயும் இருந்ததில்லை. இது எப்படித் துவைக்கிற கல்லுக்கு அடியில் போனது என்று குழப்பமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

லீவு போட்டு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு போடும் பெண் கணவர் பெயரைக் கேட்டாள். அம்மா சட்டென்று, "நாலாயிரத்து நூத்தி எம்பத்தேழு," என்றாள். அந்தப் பெண் போன் நம்பரின் மீதியைக் கேட்டாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு முனிரத்தினம் என்று நான் சொன்னேன். லைனில் அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, சுரங்கத்தில் அவருக்குக் கொடுத்த நம்பரைச் சொல்லிவிடுவார்கள். அப்பா போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, சுரங்கத்தை மூடியும் இருபது வருடம் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் அவர் நம்பர்தான். என் பெண்டாட்டி என்னை நீ என்கிறாள், கோபம் வந்தால் யோவ் என்கிறாள். ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு முன்னேற்றம்.

கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்றார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வில்லையைப் புளியில் ஊறப் போட்டேன். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். சைக்கிளோ நாயோ தெரிந்துகொண்டாக வேண்டும். களிம்பு கொஞ்சம் போனது. ஏதோ எண் அடித்திருக்கிறது. முதலில் 4, கடைசியில் 7. அல்லது 1. நடுவில் இரண்டு எண்கள் களிம்புக்குள் இருக்கின்றன.

அம்மா புளி எங்கே போனது என்று தேடிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தில் கிடந்ததைப் பார்த்தாள். கண்ணில் புரை இருக்கிறவள் இவ்வளவு நேரம் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை. "இன்னாத்துக்கு இதெல்லாம்? தூக்கிப் போடு," என்றாள். மத்தியானம் சாப்பிடவில்லை. புளியை வீணாக்கியதில் கோபம் போலிருக்கிறது.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி அப்பாவின் திதி மாதிரி. மாதிரி என்று எழுதக் காரணம், உடல் கிடைக்கவில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்ததில் ஏழு பேர் போனார்கள். நாலு பேரை எடுத்தார்கள். மூன்று பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள், அப்பாவும் சேர்த்து. இந்த வருடம் பழைய தொழிலாளர் சங்கம், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் நினைவுக்கல் வைக்கிறது. ஏழு பெயரும் வெட்டப்படும். கல் வேலைக்கு நான்தான் பொறுப்பு.

அப்பாவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு நினைவுதான் இருக்கிறது. அதுவும் குழப்பமான நினைவு. யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தாடையோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறது, செத்தவர்களுக்குக் கட்டுவார்களே அப்படி. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். செத்தவருக்கு வெள்ளைத் துணிதானே கட்டுவார்கள். இது நீலத் துணி, மஞ்சள் பூப் போட்டது. அதோடு எங்களுக்கு உடலே கிடைக்கவில்லை. ஐந்து வயதில் கண்ட கனவாக இருக்கும். வேறு யாரோ செத்த வீட்டில் பார்த்ததை அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

பங்காருப்பேட்டை ரோட்டில் கல் வெட்டும் பரந்தாமனைப் பார்த்தேன். கருங்கல் வந்துவிட்டது. அப்பாவின் பெயர் ஆறாவது. எழுத்து எவ்வளவு பெரிது என்று கேட்டார். அம்மாவுக்குக் கண் சரியில்லை, விரலால் தடவினால் தெரிகிற மாதிரி ஆழமாக வெட்டச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். தலைவர் சவரிமுத்து அண்ணன். ஷாப்ட் வாசலில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை ஓட்டியவர். விபத்து நடந்த அன்று அவருக்கு லீவு. டீ வரும்வரை பேச விஷயமில்லாமல் வில்லையை எடுத்துக் காட்டினேன். சைக்கிளா, நாயா, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். "எந்த நாயிக்குடா லைசென்ஸ்? இது நம்ம டோக்கன். நீ பாத்ததெல்லாம் பின்னாடி வந்த சதுர டோக்கனு. அதுக்கு முன்னாடி வட்டந்தான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஷாப்ட் வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் கொக்கி கொக்கியாக இருக்கும். ஒவ்வொரு கொக்கியிலும் ஒருவர் நம்பர் போட்ட டோக்கன். இறங்கும்போது தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏறி வந்ததும் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். விபத்து நடந்து சங்கு ஊதினால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் அந்தப் பலகைக்குத்தான் ஓடி வருவார்களாம். நம்பர் படிக்கத் தெரியாதவளுக்கும் தன் புருஷன் கொக்கி எது என்று தெரியுமாம்.

"உங்கப்பன் கொக்கி காலியாவே இருந்தது. ரொம்ப நாளு அப்டியே வுட்டு வெச்சிருந்தோம், வேற டோக்கன் மாட்ட யாருக்கும் மனசு வரல," என்றார். பிறகு, "இது யாரு நம்பரு?" என்று கேட்டார்.

தெரியவில்லை, அழிந்துபோயிருக்கிறது என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ரோட்டோரம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மூன்றாவது எண் 8. அல்லது 3.

பிப்ரவரி 20, செவ்வாய்

இரண்டாவது 1.

பிப்ரவரி 21, புதன்

4 என்பது 9 ஆகவும் இருக்கலாம். தேய்ந்த 9 சில சமயம் 4 மாதிரித் தெரியும். லைனில் எத்தனையோ பேர் குடியிருந்து போயிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவருடையதாகவும் இருக்கலாம். அவர் யார் என்று அம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றாள்.

மால் வாசலில் இன்று ஒருவர் பையில் கத்தியோடு உள்ளே போய்விட்டார். பழம் நறுக்கும் கத்திதான். ஆனால் நான் கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

கம்மல் கிடைத்துவிட்டது. தலையணை உறைக்குள் இருந்ததாம். புஷ்பா இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நல்லது என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

இது தலையணைக்குள் இருக்கிறது என்று அந்த டிடெக்டருக்கு முதலிலேயே தெரிந்திருக்கக் கூடாதா.

பிப்ரவரி 24, சனி

எழுதிவிடுகிறேன். 4187.

சரி, அப்பாவின் டோக்கன்தான். அதனால் என்ன என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொக்கி காலியாக இருந்தது. டோக்கன் அவரோடு உள்ளே இருக்க வேண்டும். அவர் இன்றுவரை வெளியே வரவில்லை. டோக்கன் மட்டும் வந்து எங்கள் துவைக்கிற கல்லுக்கு அடியில் எப்படிப் படுத்துக்கொள்ளும்?

அன்றைக்கு அவர் டோக்கனை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். கொக்கியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஏறி வந்திருக்கிறார். ஏறி வந்தவர் எங்கே?

நாலாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருவன் சண்டையில் சொன்னது இப்போது காதுக்குள் கேட்கிறது. உங்கப்பன் ஒண்ணும் சாவல, பங்காருப்பேட்டையில ரயில் ஏறி ஓடிட்டான், எங்க பெரியப்பா பாத்தாரு என்றான். அவன் மூக்கை உடைத்தேன். அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் என்னை அடிக்கவும் இல்லை, அந்தப் பையன் வீட்டுக்குச் சண்டைக்குப் போகவும் இல்லை. சோறு போட்டாள். அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் இருந்த கிழவர்களை எல்லாம் பார்த்தேன். உயிரோடு இருந்தால் எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

பரந்தாமனுக்குப் போன் செய்தேன். ஐந்து பெயர் வெட்டியாகிவிட்டதாம், இன்று ஆறாவதைத் தொடங்குவதாகச் சொன்னார். ஆறாவதை நிறுத்தி வையுங்கள், ஏழாவதை வெட்டுங்கள் என்றேன். எழுத்துப் பிழையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மற்ற ஆறு வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அவர்கள் அப்பாக்கள் உள்ளேயே உயிரை விட்டிருக்கும்போது, ரயிலேறிப் போனவர் பெயரை அவர்கள் நடுவில் எப்படி வெட்டுவது? போகவில்லை என்றால்? போனாரா இல்லையா என்று தெரியாமல் எதையும் வெட்ட முடியாது, வெட்டாமல் விடவும் முடியாது. அம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டோக்கன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது என்பது போல நடிப்பது இந்த வீட்டில் நான் மட்டும்தான். ஆனால் ஆமாம், போய்விட்டார் என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? இத்தனை வருடம் தாலி இல்லாத கழுத்தோடு அவள் எதற்கு இருந்தாள்? ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாளே, அந்த வேலையே அப்பா சுரங்கத்தில் போனதற்காகக் கம்பெனி கொடுத்ததுதானே. இந்த வீட்டில் இருக்க விட்டதும் அதற்காகத்தான்.

கேட்கவில்லை.

பிப்ரவரி 28, புதன்

சாம்பார் நன்றாக இருந்தது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

காலையில் சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவளை வைத்துக்கொண்டே கேட்டார்: "கஜா, உங்கப்பன் பேரை வெட்டாதன்னு சொன்னியாமே? இன்னாடா விஷயம்?"

எழுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று உளறினேன். முனிரத்தினத்தில் என்ன எழுத்துடா உனக்குச் சந்தேகம் என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். அம்மா சிரிக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். நெடுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போகவில்லை. நானும் பின்னால் போனேன்.

டோக்கனைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தேன். புளியில் தேய்த்துத் தேய்த்து அது புதிதாக மின்னியது. அம்மா அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"அப்பா எங்கம்மா போனாரு?" என்று கேட்டேன்.

"எங்க போவாரு? உள்ளதான் கீறாரு."

அப்படியென்றால் இது எப்படி வெளியே வந்தது என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. புஷ்பா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுத முயல்கிறேன்.

"அன்னிக்குப் பல்லு வலி அவருக்கு. ரெண்டு நாளாத் தூங்கல. வேணாம்னு சொன்னாலும் கேக்காம எறங்கிட்டாரு. பாதி ஷிப்ட்டுல முடியாம ஏறி வந்துட்டாரு. வந்த வலியில டோக்கனைக் கொக்கில மாட்டக்கூட நெனப்பு இல்ல. ஜோபியிலயே போட்டுகினு வந்துட்டாரு. சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் குந்தினாரு. என் பழைய சீலையக் கிழிச்சுத் தாடையச் சுத்திக் கட்டி வுட்டேன். களி கரைச்சுக் குடுத்தேன். ஒரு பக்கமா முழுங்கிகினு இருந்தாரு. நீ எதிர்ல குந்திகினு அவரைப் பாத்துச் சிரிச்சே."

என்ன நிறப் புடவை என்று கேட்டேன்.

"நீலம். மஞ்சப் பூப் போட்டது. எதுக்குக் கேக்கற?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் தொடர்ந்தாள்.

"அப்பதான் சங்கு ஊதிச்சு. எய்ந்துட்டாரு. கையைப் புடிச்சேன். ஒரு வாய் துன்னுட்டுப் போங்கன்னேன். எங்கூட எறங்குன பசங்க உள்ள கீறானுங்கன்னு கையை உதறிட்டு ஓடுனாரு, சட்டைகூடப் போடல. உன்னத் தூக்கிகினு பின்னாலயே ஓடுனேன். ஒரே தூசி. யாரு முகமும் யாருக்கும் தெரியல. அவரு தாடையில என் சீலை இருந்ததால எனக்குத் தெரிஞ்சது. கேஜுல ஏறுனாரு. அதுக்கப்புறம் ரெண்டாவது வாட்டி வெடிச்சது."

வீட்டுக்கு வந்தபோது சட்டை ஆணியில் தொங்கியதாம். ஜோபியில் டோக்கன். எண்ணிப் பார்த்தவர்கள் கொக்கி காலி என்று அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னா சொல்லுவாங்க? ஆளு மேல வந்துட்டான், எங்கயோ போயிட்டான்னு சொல்லுவாங்க. மேல வந்ததுக்கு இது சாட்சி. திரும்ப எறங்குனதுக்கு நான் ஒருத்திதான் சாட்சி. பொண்டாட்டி சொன்னா யாரு கேப்பா? தூக்கிப் போட மனசு வரல. வூட்டுல வெக்க பயம். இங்க பொதைச்சேன்."

இத்தனை வருடம் அதன்மேல்தான் எங்கள் துணியைத் துவைத்திருக்கிறாள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சின்னப் புள்ளைல சொன்னா ஊரெல்லாம் சொல்லுவே. பெரியவனா ஆனப்புறம்..." அவள் நிறுத்தினாள். "நீயும் நம்பாம பூட்டா?"

திங்கட்கிழமை நான் பரந்தாமனுக்குச் செய்த போன்தான் அவள் கேள்விக்குப் பதில். அது அவளுக்கும் தெரியும். அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். நீலத் துணியைப் பற்றிச் சொன்னேன். ஐந்து வயதிலிருந்து அப்பாவைப் பிணமாகவே நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அது பல்வலிக்குக் கட்டியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே அம்மா என்றேன்.

"ஆமா, கேட்டியா நீ?" என்றாள்.

மார்ச் 2, சனி

பரந்தாமனிடம் எழுத்துச் சரிதான், வெட்டுங்கள் என்று சொன்னேன். எந்த எழுத்தில் சந்தேகம் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 3, ஞாயிறு

டோக்கனை என்ன செய்ய என்று அம்மாவிடம் கேட்டேன். சங்கத்தில் கொடுத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கல்லை நெம்பி, இருந்த இடத்திலேயே வைத்து மூடினோம். புஷ்பா ஒரு பக்கெட் துணியோடு காத்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து அண்ணன் அந்த ரோட்டோர டோக்கன் என்ன ஆனது என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். அப்பா திரும்ப இறங்கியதற்கு இனி சாட்சி நாங்கள் இரண்டு பேர்.

மார்ச் 9, சனி

நினைவுக்கல் திறப்பு பதினொரு மணிக்கு என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வரவில்லை. பன்னிரண்டரைக்கு சவரிமுத்து அண்ணனே துணியை இழுத்துத் திறந்துவிட்டார். ஏழு வீட்டாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் என்னைப் போல நரைத்துப்போனவர்கள்.

அம்மாவைக் கல்லுக்கு அருகில் அழைத்துப்போய் விரலைப் பிடித்து ஆறாவது பெயரின்மேல் வைத்தேன். மெல்லத் தடவினாள். கல்லின் அடிவரை தடவிவிட்டுத் திரும்பி, "நம்பர் எங்கடா?" என்று கேட்டாள். பெயர் மட்டும்தான் போட்டிருக்கிறது என்றேன். "நம்பர் இல்லாம இது யாருன்னு எப்டித் தெரியும்?" என்று அதிருப்தியோடு சொன்னாள். பக்கத்தில் நின்ற இன்னொரு அம்மாளும் அதைத்தான் சொன்னாள்.

சாப்பாட்டை ஆறவிட வேண்டாம் என்று பந்தியைப் போட்டுவிட்டார்கள். ஷாப்ட் மைதானத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா எனக்கு வலப்பக்கம், புஷ்பா இடப்பக்கம். பாறை வெடித்த நேரத்துக்குச் சங்கு ஊத வேண்டும் என்று சங்கத்தில் முன்பே தீர்மானம் போட்டிருந்தார்கள். பழைய சங்கு ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக் கொண்டுவந்து, அந்த நேரத்துக்குத் தானாக ஊதும்படி மாட்டியிருந்தார்கள். நேரம் தவறியதில் எல்லாருக்கும் அது மறந்துபோயிருந்தது. சங்குக்கு மறக்கவில்லை.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஊத ஆரம்பித்தது. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சவரிமுத்து அண்ணன் தலை குனிந்து நின்றார். புஷ்பாவும் எழுந்துவிட்டாள். அம்மாவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

எதிர்வரிசையில் நின்ற ஒருவர், மரியாதை தெரியாதவன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவள் பிடித்தது சாப்பிடுகிற கை. அதனால் இடக்கையை அவள் கைமேல் வைத்துக்கொண்டேன். சங்கு நிற்கும்வரை அப்படியே இருந்தோம்.

நின்றதும் பிடியை விட்டாள். இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். அப்புறம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கி, அதையும் அவள் பார்க்கச் சாப்பிட்டு முடித்தேன்.